பௌர்ணமியில் தவறிய ஒளி

2014 ஜூலை 13, 14 தேதிகளில் காமா கதிர்களைத் தேடும் ஃபெர்மி விண்கலம், முக்கோணம் என்ற விண்மீன் தொகுதியின் திசையில் ஒரு குவேசார் (கருந்துளையால் ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டல மையம்) திடீரெனக் காமா கதிர்களில் பிரகாசமடைவதைக் கண்டது. அந்தக் குவேசாரின் பெயர் பி0218+357. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 750 கோடி ஆண்டுகள் பிடிக்கிறது. அன்று வந்து சேர்ந்த கதிர்கள் புறப்பட்ட காலத்தில் சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. அவ்வளவு தொலைவில் உள்ள ஒன்றிலிருந்து மிக உயர் ஆற்றல் காமா கதிர்களை அதுவரை யாரும் தரையிலிருந்து பதிவு செய்ததில்லை. ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேஜிக் தொலைநோக்கிகளால் அதைச் செய்திருக்க முடியும். ஆனால் ஜூலை 12 பௌர்ணமி. முழு நிலவு வானில் இருக்கும்போது மேஜிக்கைத் திறந்து வைக்க முடியாது.

வானில் நடக்கும் இத்தகைய வெடிப்புகளைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். மறுபடி காட்டச் சொல்லிக் கேட்க முடியாது. இந்தக் குவேசார் ஒரு விதிவிலக்கு. அது காட்டியதை இன்னொரு முறை காட்டும். எப்போது காட்டும் என்பதும் முன்கூட்டியே தெரியும். அந்தக் கதைக்கு வருவதற்கு முன், நிலவைக் கண்டு ஒதுங்கும் இந்தத் தொலைநோக்கிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகள் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. இங்கே பேசும் காமா கதிரின் ஒரு துகளோ 100 கிகா எலக்ட்ரான் வோல்ட் (இனி சுருக்கமாக 100 கிகா) அளவில் இருக்கும்; அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளைப் போல 5,000 கோடி மடங்கு. இத்தகைய துகள்கள் மிக அரிது. ஃபெர்மி விண்கலத்தின் உணர்கருவி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவே பிடிக்கும். அந்தப் பரப்பை வைத்துக்கொண்டு தொலைதூரக் குவேசாரிலிருந்து 100 கிகா துகள்கள் விழும் என்று காத்திருந்தால், விரல்விட்டு எண்ணும் அளவுதான் கிடைக்கும். பெரிய உணர்கருவியை விண்ணுக்குத் தூக்கிச் செல்லவும் முடியாது. தரையில் வைக்கலாமே என்றால், காமா கதிர் எதுவும் காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை.

இந்தத் தடையையே கருவியாக்கிக்கொண்டதுதான் இத்துறையின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். உயர் ஆற்றல் காமா கதிர் ஒன்று தரைக்கு மேல் 20 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதுகிறது. அது அழிந்து ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் பிறக்கின்றன. அவை மேலும் காமா கதிர்களை உண்டாக்க, அந்தக் கதிர்கள் மேலும் துகள் இணைகளை உண்டாக்க, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்துக்கு வருவதற்குள் ஏராளமான துகள்கள் கீழ்நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும். காற்றில் ஒளி செல்லும் வேகம் வெற்றிடத்தில் செல்வதைவிடச் சற்றுக் குறைவு. இந்தத் துகள்கள் அதையும் மிஞ்சும் வேகத்தில் போகின்றன. அப்போது மெல்லிய நீல ஒளி ஒன்று வெளிப்படுகிறது. 1934இல் சோவியத் இயற்பியலாளர் பாவெல் செரன்கோவ் திரவங்களில் கண்டறிந்த அதே ஒளி. தரையை அடையும்போது அது 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாகப் பரவியிருக்கும். நிலைத்திருப்பது ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே. அந்த வட்டத்துக்குள் எங்கே ஒரு கண்ணாடி இருந்தாலும் காமா கதிர் வந்த சேதி கிடைத்துவிடும். ஆக, கண்ணாடி சிறியதாக இருந்தாலும் கதிரைப் பிடிக்கும் பரப்பு 45,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 11 ஏக்கர்.

இந்த ஒளி இருக்கக்கூடும் என்று 1948இல் பேட்ரிக் பிளாக்கெட் கணித்தார். 1952இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த், ஜெல்லி என்ற இருவர் ஒரு குப்பைத்தொட்டிக்குள் சிறிய கண்ணாடியையும் ஒளிப்பெருக்கிக் குழாயையும் பொருத்தி, இரவு வானை நோக்கி வைத்து அதைப் பதிவு செய்தார்கள். ஆனால் அவர்கள் கண்டது பெரும்பாலும் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கிய ஒளி. இவை மின்னேற்றம் கொண்ட துகள்கள். விண்வெளியின் காந்தப்புலங்களில் திசைமாறி வருவதால், எங்கிருந்து புறப்பட்டன என்று சொல்ல முடியாது. ஒரு காமா கதிருக்கு ஆயிரம் காஸ்மிக் கதிர்கள் என்ற கணக்கில் வந்து விழும். இந்த இரைச்சலுக்குள் காமா கதிரைப் பிரித்தறிவது எப்படி என்ற கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வாளர்களை வாட்டியது. 1970களில் நம் உதகமண்டலத்திலும் இந்தத் தேடல் நடந்தது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே கண்ணாடிகளை வானை நோக்கித் திருப்பி, துடிவிண்மீன்களிலிருந்து காமா கதிர்கள் வருகின்றனவா என்று தேடினார்கள். பிறகு அந்த ஆய்வு மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு இடம் மாறியது.

விடை உருவத்தில் இருந்தது. காமா கதிர் உண்டாக்கும் ஒளியைப் படமாக எடுத்தால் மெல்லிய நீள்வட்டமாகத் தெரியும். அதன் நீண்ட அச்சு, கதிர் வந்த திசையைக் காட்டும். காஸ்மிக் கதிரின் படம் சிதறலாக, ஒழுங்கற்று இருக்கும். மைக்கேல் ஹில்லாஸ் 1985இல் இந்த வேறுபாட்டை அளவிடும் முறையை வகுத்துக் கொடுத்தார். அரிசோனாவில் 1968இலேயே கட்டப்பட்ட 10 மீட்டர் விப்பிள் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு விடாமல் முயன்ற டிரெவர் வீக்ஸின் குழு, 1989இல் நண்டு நெபுலாவிலிருந்து ஐயத்துக்கு இடமில்லாத காமா கதிர்களை அறிவித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே தொலைநோக்கி மார்க்கேரியன் 421 என்ற வேற்று விண்மீன் மண்டலத்திலிருந்தும் கதிர்களைப் பிடித்தது.

நிலவு ஏன் ஆகாது என்பது இப்போது விளங்கியிருக்கும். நூற்றுக்கணக்கான ஒளிப்பெருக்கிக் குழாய்களை அடுக்கிய கேமரா, விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் மங்கிய மினுக்கலைத் தேடுகிறது. முழு நிலவின் வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடும். குழாய்களும் பாழாகும்.

இனி குவேசாருக்கு வருவோம். 1963இல் மார்ட்டின் ஷ்மிட் 3சி 273 என்ற, விண்மீனைப் போலவே தெரிந்த ஒரு புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்து, அது பால்வெளிக்கு வெகு அப்பால் இருக்கிறது என்று காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறது என்றால், ஒரு முழு விண்மீன் மண்டலத்தையே விஞ்சும் ஒளி அதற்கு வேண்டும். மையத்தில் உள்ள கருந்துளை ஒன்றின் மேல் வாயு சுழன்று விழும்போது வரும் ஆற்றல் அது. அந்தக் கருந்துளையின் நிறை பல கோடிச் சூரியன்கள் முதல் நூறு கோடிச் சூரியன்களுக்கு மேலும் இருக்கும். சில குவேசார்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் துகள் தாரைகளை இரு பக்கமும் பீய்ச்சுகின்றன. அந்தத் தாரை நம் பக்கம் திரும்பியிருந்தால் அதன் ஒளி பன்மடங்கு பெருகித் தெரியும்; மாற்றங்களும் விரைவாக நடப்பதாகத் தெரியும். குவேசார்களிலிருந்து மிக உயர் ஆற்றல் காமா கதிர்களை நமக்கு அனுப்புவது இப்படித் திரும்பிய தாரைகள்தான்.

அனுப்பியதெல்லாம் வந்து சேர்வதில்லை. விண்மீன் மண்டலங்களுக்கு இடையே உள்ள வெளி இருட்டாகத் தெரிந்தாலும், உண்மையில் அது ஒளியால் நிரம்பியிருக்கிறது. பிரபஞ்சத்தில் இதுவரை எரிந்த அத்தனை விண்மீன்களின் ஒளியும் அங்கே அலைந்துகொண்டிருக்கிறது. தூசியால் உறிஞ்சப்பட்ட ஒரு பகுதி அகச்சிவப்பாக மாறி உலவுகிறது. காமா கதிர்த் துகள் ஒன்று இந்தப் பழைய விண்மீன் ஒளியின் துகள் ஒன்றோடு மோதினால், இரண்டும் மறைந்து ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் உருவாகலாம். ஒளியும் ஒளியும் மோதிப் பொருளாகும் இந்த நிகழ்வை பிரெய்ட், வீலர் இருவரும் 1934இல் கணித்திருந்தார்கள். இது நடக்க இரண்டின் ஆற்றலையும் பெருக்கினால் வருவது குறைந்தபட்ச அளவு ஒன்றைத் தாண்ட வேண்டும். நேருக்கு நேர் மோதும் 100 கிகா கதிருக்கு 2.6 எலக்ட்ரான் வோல்ட் துணை தேவை. அது நீல ஒளி. சிவப்பு ஒளி போதாது. அதுவே பத்து மடங்கு ஆற்றலுள்ள கதிர் என்றால் அகச்சிவப்பே போதும். அகச்சிவப்புத் துகள்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். எனவே ஆற்றல் கூடக் கூடக் கதிர் தப்பி வருவது கடினமாகிறது. தூரம் கூடினாலும் அப்படியே.

அதனால்தான் 3சி 279 என்ற குவேசாரை மேஜிக் பிடித்த செய்தி பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அப்போது லா பால்மாவில் 17 மீட்டர் தொலைநோக்கி ஒன்றுதான் இருந்தது. 2006இன் தொடக்கத்தில் பத்து இரவுகள் அந்தக் குவேசாரைப் பார்த்தார்கள். பிப்ரவரி 23ஆம் தேதி இரவில் தெளிவான குறிப்பு கிடைத்தது. ஒளி 500 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்த தூரம் அது. அங்கிருந்து 100 கிகாவுக்கு மேற்பட்ட கதிர்கள் வந்திருக்கின்றன என்றால், வழியில் உள்ள விண்மீன் ஒளி பலர் எண்ணியதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். 2008இல் சயன்ஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே, பிரபஞ்சம் எவ்வளவு ஒளி ஊடுருவக்கூடியது என்ற கேள்வி இருந்தது.

பி0218+357 அதைவிட வெகு தூரம். ஆனால் அதற்கும் நமக்கும் இடையில் ஒரு சுருள் விண்மீன் மண்டலம் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் நிற்கிறது. அதன் ஈர்ப்பு குவேசாரின் ஒளியை வளைத்து இரு பாதைகளில் நமக்கு அனுப்புகிறது. ரேடியோ தொலைநோக்கியில் அது இரண்டு பிம்பங்களாகத் தெரிகிறது. ஒரு பாதை மற்றதைவிட நீளம். ஈர்ப்பு வலுவான இடத்தைக் கடக்கும்போது ஏற்படும் தாமதமும் அதோடு சேரும். ஆக, குவேசாரில் ஒரு முறை நடந்ததை நாம் இரண்டு முறை பார்க்கிறோம். இரு பிம்பங்களுக்கும் இடையே உள்ள கோணம் ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்குதான். காமா கதிர்க் கருவி எதனாலும் அவற்றைத் தனித்தனியே பார்க்க முடியாது. ஆனால் நேரத்தை வைத்துப் பிரிக்கலாம். 2012இல் இதே குவேசார் பலமுறை பிரகாசமடைந்தபோது ஃபெர்மி தரவுகளிலிருந்து இடைவெளியைக் கணக்கிட்டிருந்தார்கள்: 11.46 நாட்கள். 750 கோடி ஆண்டுப் பயணத்தில் பதினொன்றரை நாள் வேறுபாடு.

ஜூலை 13, 14உடன் பதினொன்றரை நாட்களைக் கூட்டினால் 25ஆம் தேதியை ஒட்டி வருகிறது. ஜூலை 26 அமாவாசை. நம் நாட்காட்டியில் அந்த ஆண்டின் ஆடி அமாவாசை. பௌர்ணமியில் தவறிய ஒளியின் மறுபிரதி, மாதத்திலேயே மிக இருண்ட இரவுகளில் வந்து சேர இருந்தது. அந்தப் பருவத்தில் முக்கோணத் தொகுதி நள்ளிரவுக்குப் பின்புதான் உயர எழும் என்பதால், விடிவதற்கு முந்தைய சில மணி நேரமே கையில் இருந்தது. மேஜிக் குழு 23ஆம் தேதியே பார்க்கத் தொடங்கிவிட்டது. 25, 26 தேதிகளில், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பதிவில், 65 முதல் 175 கிகா வரையிலான கதிர்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆகஸ்ட் முதல் வாரம் வரை தொடர்ந்து பார்த்தும் மற்ற இரவுகளில் அப்படி எதுவும் இல்லை. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால் வழியில் கதிர்கள் ஆற்றலை இழக்கும். இங்கே 175 கிகாவாகப் பதிவானது, புறப்படும்போது 340 கிகா. பொதுச் சார்பியலை நம்பி நாள் குறித்துக் காத்திருந்து காமா கதிரைப் பிடித்த இந்த நிகழ்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இப்படிப் பிடிப்பதால் என்ன தெரிகிறது? கல்லாவில் இருந்து ஒருவர் எவ்வளவு எடுத்துப் போனார், கையில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால், வழியில் ஆன செலவைச் சொல்லிவிடலாம். குவேசாரிலிருந்து எவ்வளவு புறப்பட்டிருக்கும் என்பதைக் குறைந்த ஆற்றல் கதிர்களிலிருந்து ஊகிக்கலாம். அவற்றை விண்மீன் ஒளி தொடுவதில்லை. எவ்வளவு வந்தது என்பதைத் தொலைநோக்கி சொல்கிறது. எவ்வளவு குறைந்ததோ, அதிலிருந்து வழியில் உள்ள விண்மீன் ஒளியின் அளவு தெரியும். இதை நேரடியாக அளப்பது மிகக் கடினம். சூரியக் குடும்பத்தின் தூசியில் பட்டுத் தெறிக்கும் வெயில், அளக்க வேண்டிய ஒளியைவிடப் பல பத்து மடங்கு பிரகாசமானது. அதனால் காணாமல் போன காமா கதிர்களை எண்ணுவதே நம்பகமான வழியாயிற்று.

2006இல் நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள், மேலே சொன்ன குவேசார்களைவிட அருகிலுள்ள இரண்டு பிளேசார்களை (தாரை நம் பக்கம் திரும்பிய கருந்துளை மூலங்களை) வைத்து இந்தக் கணக்கைப் போட்டன. விண்மீன் மண்டலங்களை எண்ணிக் கூட்டினால் வரும் ஒளிக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்று விடை வந்தது. 2018இல் ஃபெர்மி குழு 739 பிளேசார்களையும் ஒரு காமா கதிர் வெடிப்பையும் சேர்த்து ஆராய்ந்து, விண்மீன்கள் இதுவரை வெளியிட்டு வெளியில் தப்பிய ஒளித்துகள்களின் மொத்த எண்ணிக்கையையே சொன்னது: 4 என்று எழுதி 84 சைபர் போட வேண்டும். 2024இல் வேறொரு வழியில் சரிபார்ப்பும் கிடைத்தது. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல 50 மடங்குக்கும் அப்பால், தூசி தொல்லை தராத இடத்துக்குப் போய்விட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், பின்னணி ஒளியை நேரடியாக அளந்தது. அறிந்த விண்மீன் மண்டலங்களின் ஒளியோடு அது ஒத்துப்போனது. ஒளிந்திருக்கும் பெரிய ஒளிமூலம் ஏதும் இல்லை.

கணக்கு நேரானாலும் குவேசார்கள் வேறொரு சிக்கலை வைத்திருக்கின்றன. 2010 ஜூன் 17 அன்று மேஜிக், பிகேஎஸ் 1222+216 என்ற குவேசாரை அரை மணி நேரம் பார்த்தது. அந்த அரை மணிக்குள்ளேயே அதன் காமா கதிர் ஒளி, சுமார் ஒன்பது நிமிடங்களில் இரட்டிப்பாகும் வேகத்தில் ஏறியது. ஒரு பொருள் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். தாரையின் வேகத்தால் வரும் பெருக்கத்தைச் சேர்த்தாலும், கதிர் வந்த பகுதி நம் சூரியக் குடும்பத்தின் அளவுக்குள் அடங்கும். அவ்வளவு சிறிய பகுதி கருந்துளைக்கு அருகில்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அங்கே இருக்க முடியாது. கருந்துளையைச் சுற்றி வாயு மேகங்கள் புற ஊதா ஒளியைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்குள் பிறக்கும் 100 கிகா கதிர், மேலே சொன்ன அதே மோதலில் அங்கேயே அழிந்துவிடும். தப்பி வந்திருக்கிறது என்றால் அந்த மேகங்களுக்கு வெளியே, ஒளியே மாதக்கணக்கில் பயணிக்க வேண்டிய தொலைவில் பிறந்திருக்க வேண்டும். அந்தத் தொலைவில் தாரை அகன்று விரிந்திருக்கும். அகன்ற தாரைக்குள் இத்தனை சிறிய பகுதி மட்டும் எப்படித் தனியே எரிந்தது? தாரைக்குள் காந்தப்புலக் கோடுகள் அறுந்து ஒட்டும்போது சிறு பகுதிகள் தனியே வேகம் பெறுகின்றன என்பது உட்பட விளக்கங்கள் பல முன்வைக்கப்பட்டுள்ளன. எதுவும் முடிவாகவில்லை. எனக்கு இத்துறையிலேயே மிகச் சுவையான புதிர் இதுதான்.

2014க்குப் பின் வரிசை நீண்டது. 2015 ஏப்ரலில் பிகேஎஸ் 1441+25 என்ற, ஏறத்தாழ அதே தூரத்துக் குவேசாரை மேஜிக்கும் அரிசோனாவின் வெரிட்டாஸ் தொலைநோக்கிகளும் பதிவு செய்தன. 2023 டிசம்பரில் ஓபி 313. அதன் ஒளி சுமார் 800 கோடி ஆண்டுகள் பயணித்தது. இதைப் பிடித்தது, மேஜிக்குக்குப் பக்கத்திலேயே 2018இல் எழுப்பப்பட்ட 23 மீட்டர் தொலைநோக்கி. எல்எஸ்டி-1 என்று அதை அழைக்கிறார்கள். செரன்கோவ் தொலைநோக்கி அணி என்ற பன்னாட்டுத் திட்டத்தின் முதல் பெரிய தொலைநோக்கி அது. கண்ணாடி பெரிதானால் இன்னும் மங்கிய மினுக்கலைப் பிடிக்கலாம். அதாவது இன்னும் குறைந்த ஆற்றல் கதிர்களைப் பிடிக்கலாம். இவ்வளவு தூரத்திலிருந்து தப்பி வருபவை அந்தக் குறைந்த ஆற்றல் கதிர்களே. அதனால் தூரத்தை எட்டுவதற்கான வழி கண்ணாடியைப் பெரிதாக்குவதுதான்.

இந்தியாவும் அந்த வழியில் இறங்கியிருக்கிறது. லடாக்கின் ஹன்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் முன்னின்று அமைத்த 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. உலகில் இந்த வகைத் தொலைநோக்கிகளில் இதுவே மிக உயரத்தில் இருப்பது. அதன் அளவுக்கு நிகராக இருப்பிடமும் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்பது நிமிடத்தில் இரட்டிப்பாகும் குவேசார், லா பால்மாவில் இருட்டும் வரை காத்திருக்காது. லா பால்மாவுக்கு ஏறத்தாழ ஆறரை மணி நேரம் முன்னதாகவே ஹன்லேயில் இருட்டிவிடும். லா பால்மாவில் விடியும்போது அரிசோனாவுக்கு இன்னும் ஆறு மணி நேர இரவு மிச்சமிருக்கும்.